சுத்துற தலையை ஆட்டியே சரிபண்ண கதை

இன்னைக்கு எபிசோடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு சின்ன வேலை இருக்கு. வண்டி ஓட்டிக்கிட்டே கேட்கிறவங்க இதை வீட்டுக்குப் போய் பண்ணுங்க, இப்போ வேண்டாம். மத்தவங்க ஃபோன்ல ஏதாவது ஒரு மெசேஜைத் திறந்து வெச்சுக்கோங்க. தலையை அசைக்காம, ஃபோனை மட்டும் இடமும் வலமுமா வேகமா ஆட்டிப் படிங்க. எழுத்தெல்லாம் கலங்கிப் போகும். இப்போ ஃபோனை அப்படியே நிறுத்திட்டு, அதே வேகத்துல தலையை மட்டும் "இல்லை, இல்லை"ன்னு சொல்ற மாதிரி ஆட்டிக்கிட்டே படிங்க. எழுத்து அசையாம நிக்குதா?

வேகம் ரெண்டு தடவையும் ஒண்ணுதான். ஆனா ரெண்டாவது தடவை உங்களுக்கு ஒரு உதவி கிடைச்சது. தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புதுன்னு உங்க உள்காது கண்டுபிடிச்சு, அதே அளவுக்கு எதிர்ப்பக்கமா கண்ணைத் திருப்பிடுது. ஒரு நொடியில நூத்துல ஒரு பங்கு நேரத்துக்குள்ள இது நடந்து முடிஞ்சிடும். காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் இந்த வேலை ஓடிக்கிட்டே இருக்கு. அது ஓடுறதே நமக்குத் தெரியாது. கெட்டுப் போகும்போதுதான் அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிய வரும். நாம அதை "தலைசுத்தல்"னு ஒரே வார்த்தையில சொல்லி முடிச்சிடுறோம்.

தலை சுத்தினா உடம்பு என்ன கேட்கும்? கண்ணை மூடிப் படு, அசையாதேன்னுதான் கேட்கும். மருத்துவமும் ரொம்ப காலம் அதைத்தான் சொல்லுச்சு. ஆனா இன்னைக்கு பல வகைத் தலைசுத்தலுக்கு நல்ல சிகிச்சை என்னன்னா, எந்த அசைவு தலைசுத்தலைக் கொண்டு வருதோ அதே அசைவை முறையாப் பண்றதுதான். இதை மருத்துவம் ஏத்துக்கறதுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

அட்டையும் ரத்தமும்

1861-ம் வருஷம், ஜனவரி 8. பாரிஸ் மருத்துவ அகாடமியில ப்ராஸ்பர் மெனியேர்னு 61 வயசு டாக்டர் ஒரு கட்டுரை வாசிக்கிறார். அங்க இருந்த காது கேளாதோர் பள்ளிக்கு 1838-ல் இருந்து அவர்தான் தலைமை மருத்துவர். காது நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகின ஆள்.

அந்தக் காலத்துல ஒருத்தருக்குத் திடீர்னு தலை சுத்தி, வாந்தி வந்து, கீழே விழுந்தா டாக்டர்கள் சொன்ன பதில் "மூளைக்கு ரத்தம் ஏறிடுச்சு". அதாவது பக்கவாதத்துக்கு முந்தின படின்னு நினைச்சாங்க. அப்போ சிகிச்சை என்னவா இருக்கும்? ஏறின ரத்தத்தை இறக்கணும். நரம்பைக் கீறி ரத்தத்தை வடிச்சாங்க, உடம்புல அட்டையைக் கடிக்க விட்டாங்க, பேதி மருந்து கொடுத்தாங்க. ஏற்கெனவே நிக்க முடியாம இருக்கற ஆளோட ரத்தத்தை எடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

மெனியேர் வேற ஒண்ணைக் கவனிச்சார். இந்த மாதிரி விழறவங்கள்ல பல பேருக்குக் காதுல இரைச்சல் இருந்தது, கேட்கும் திறனும் குறைஞ்சுக்கிட்டே வந்தது. ஆனா பக்கவாதம் வரவே இல்லை. அட்டாக் முடிஞ்சதும் பழையபடி நல்லாதான் இருந்தாங்க. அப்போ கோளாறு மூளையில இல்லை, உள்காதுல இருக்குன்னு அவர் சொன்னார். அந்தக் கூட்டத்துல பெரிசா வரவேற்பு எதுவும் இல்லை. அடுத்த வருஷம் பிப்ரவரியில மெனியேர் இறந்துட்டார். இன்னைக்கு "மெனியேர் நோய்"னு அவர் பேர்லயே ஒரு நோய் இருக்கு. அந்தப் பேர் நிலைச்சதைப் பார்க்க அவர் இல்லை.

புறா, தண்ணி, போர்க்கைதி

மெனியேருக்கு அந்தத் தைரியம் எங்க இருந்து வந்தது? ஒரு பகுதி, புறாக்கள்கிட்ட இருந்து. 1820-கள்ல ஃப்லூராங்ஸ்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி புறாவோட உள்காதுல இருக்கற அரைவட்டக் குழல்களை ஒவ்வொண்ணா வெட்டிப் பார்த்தார். கேட்கவே கஷ்டமா இருக்கு, ஆனா அந்தக் காலத்து ஆராய்ச்சி அப்படித்தான். படுக்கை வாட்டத்துல இருக்கற குழலை வெட்டினா புறாவோட தலை இடமும் வலமுமா ஆடிச்சு. செங்குத்தா இருக்கற குழலை வெட்டினா குட்டிக்கரணம் போட்டுச்சு. அதுவரைக்கும் காதுன்னா கேட்கறதுக்குத்தான்னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க.

இந்தக் குழல்கள் எப்படி வேலை செய்யுதுன்னு 1873 முதல் 1875 வரைக்குமான காலத்துல மூணு பேர் தனித்தனியா ஒரே விளக்கத்துக்கு வந்தாங்க. வியன்னாவுல யோசெஃப் ப்ராயர், ப்ராக்ல எர்ன்ஸ்ட் மாக், எடின்பரோவுல க்ரம் ப்ரவுன். விஷயம் எளிமையானது. ஒரு குண்டான்ல தண்ணி எடுத்து சட்டுனு திருப்புங்க. பாத்திரம் திரும்பும், உள்ள இருக்கற தண்ணி கொஞ்சம் பின்தங்கும். காதுக்குள்ளயும் அதேதான். தலை திரும்பும்போது குழலுக்குள்ள இருக்கற திரவம் பின்தங்கி, அங்க இருக்கற நுண்மயிர்ச் செல்களைத் தள்ளும். மூளை அதை "தலை திரும்புது"ன்னு படிச்சுக்கும். சின்ன வயசுல தட்டாமாலை சுத்திட்டு நின்னா உலகம் தொடர்ந்து சுத்துமே, ஞாபகம் இருக்கா? நீங்க நின்னாலும் உள்ள இருக்கற திரவம் உடனே நிக்காது. அதான் காரணம்.

அடுத்து ராபர்ட் பாரானி. 1900-களோட ஆரம்பத்துல வியன்னாவுல காது மருத்துவரா இருந்தார். நோயாளிகளோட காதைத் தண்ணி பீய்ச்சிக் கழுவும்போது சிலர் தலை சுத்துதுன்னு சொன்னாங்க. அவங்க கண்ணும் ஒரு பக்கமா துடிக்கறதை பாரானி பார்த்தார். தண்ணி சரியா சூடாகலைன்னு ஒரு நோயாளி சொன்னதும் சூட்டைக் கூட்டினாங்க. இப்பவும் தலை சுத்துச்சு, ஆனா கண் எதிர்ப்பக்கமா துடிச்சது! பாரானிக்கு உடனே பிடிபட்டது. குளிர்ந்த திரவம் இறங்கும், சூடான திரவம் ஏறும். காதுக்கு வெளியே ஊத்தின தண்ணியோட வெப்பம் உள்ள இருக்கற திரவத்தை நகர்த்துது. அப்படின்னா, ஒருத்தரோட உள்காது வேலை செய்யுதா இல்லையான்னு ரெண்டு குவளைத் தண்ணியை வெச்சே கண்டுபிடிச்சிடலாம். இன்னைக்கும் இந்தச் சோதனை ஆஸ்பத்திரிகள்ல நடக்குது.

இதுக்குத்தான் அவருக்கு 1914-க்கான மருத்துவ நோபல் கிடைச்சது. செய்தி வந்தப்போ அவர் எங்க இருந்தார் தெரியுமா? ரஷ்யாவோட போர்க்கைதி முகாம்ல. முதல் உலகப் போர்ல ஆஸ்திரிய ராணுவ டாக்டரா போனவர், ப்ஷெமிஷ்ல் கோட்டை விழுந்தப்போ பிடிபட்டார். இப்போ துர்க்மெனிஸ்தான்ல இருக்கற மெர்வ்ங்கற இடத்துல அடைச்சு வெச்சிருந்தாங்க. ஸ்வீடன் இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கம் மூலமாத் தலையிட்டு, 1916-ல அவரை விடுவிச்சாங்க.

ஆக, முதல் உலகப் போர் முடியும்போது எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்சிருந்தது. சரிபண்ணத்தான் தெரியலை.

லண்டன்ல பந்து எறிஞ்சாங்க

அதுக்கு அடுத்த போர் வர வேண்டியிருந்தது. 1940-கள், லண்டன், கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி. டெரன்ஸ் காத்தோர்ன்னு ஒரு காது அறுவை மருத்துவர். கடுமையான மெனியேர் நோய்க்கு, கெட்டுப்போன பக்கத்து உள்காதையே அழிச்சிடுற ஆபரேஷன் பண்ணுவார். அட்டாக் நின்னுடும். ஆனா ஒரு பக்கம் மட்டும் காது வேலை செய்யறதால, ஆபரேஷன் முடிஞ்சதும் நோயாளிக்கு உலகமே தட்டாமாலை சுத்தும். இன்னொரு பக்கம், போர்ல தலையில அடிபட்டு வந்தவங்க. எலும்பு கூடிடுச்சு, காயம் ஆறிடுச்சு, ஆனா குனிஞ்சா நிமிர்ந்தா தலை சுத்துது. வேலைக்குத் திரும்ப முடியலை.

காத்தோர்ன் ஒரு விஷயத்தைக் கவனிச்சார். பயந்துகிட்டு படுக்கையிலயே கிடக்கறவங்களை விட, எழுந்து நடமாடி, தலையைத் திருப்பிக்கிட்டு இருக்கறவங்க சீக்கிரம் தேறினாங்க. அதே ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி மருத்துவத்தைப் பார்த்துக்கிட்டிருந்த ஃப்ராங்க் குக்ஸி இதைக் கையில எடுத்தார். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பயிற்சி வரிசையை உருவாக்கி, 1940-களோட நடுவுல வெளியிட்டாங்க. காத்தோர்ன்–குக்ஸி பயிற்சிகள்னு இன்னைக்கும் அதே பேர்தான்.

என்ன இருந்தது அதுல? முதல்ல படுத்துக்கிட்டே கண்ணை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமுமா அசைக்கணும். ஆரம்பத்துல மெதுவா, அப்புறம் வேகமா. ஒரு விரலை மூணு அடி தூரத்துல இருந்து ஒரு அடி வரைக்கும் கொண்டு வந்து அதையே பார்க்கணும். அப்புறம் தலையை அசைக்கணும், கடைசியா கண்ணை மூடிக்கிட்டு. அடுத்து உட்கார்ந்துகிட்டே குனிஞ்சு தரையில இருக்கற பொருளை எடுக்கணும். அடுத்து நிக்கணும். உட்கார்ந்து எழுந்திருக்கணும், ஒரு தடவை கண்ணைத் திறந்து, ஒரு தடவை மூடி. சின்னப் பந்தைக் கண்ணுக்கு மேல ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு எறியணும், முழங்காலுக்கு அடியிலயும் எறியணும். கடைசிக் கட்டம்தான் அழகு. நடுவுல ஒருத்தர் நிப்பார், மத்தவங்க அவரைச் சுத்தி நடப்பாங்க, நடந்துகிட்டே பெரிய பந்தை எறிஞ்சு பிடிப்பாங்க. சரிவுல ஏறணும், படியில இறங்கணும், அதுவும் கண்ணை மூடிக்கிட்டு. குனியற, எட்டற, குறிபார்க்கற எந்த விளையாட்டா இருந்தாலும் சரின்னு பட்டியல் முடியும். கூடைப்பந்துகூட அதுல உண்டு.

இதை முடிஞ்ச வரைக்கும் குழுவா பண்ண வெச்சாங்க. நாலு பேருக்குத் தலை சுத்துதுன்னா நாம மட்டும் பயந்துகிட்டு உட்கார மாட்டோம், இல்லையா? கூட்டமும் சத்தமும் இருக்கற இடத்துக்கும் பழகணும்னு எதிர்பார்த்தாங்க. ஏன்னா நோயாளி திரும்பிப் போகப்போறது அமைதியான வார்டுக்கு இல்லை, பஸ்ஸும் கடைத்தெருவும் இருக்கற ஊருக்கு.

அட்டையைக் கடிக்க விட்ட காலத்துல இருந்து இதுவரைக்கும் வந்த தூரத்தைப் பாருங்க. தலைசுத்தலை அடக்கறது மட்டுமே வைத்தியம்னு இருந்தது போய், அதை அளவா வரவழைக்கறதே வைத்தியமாச்சு.

கட்டில் கம்பிக்கு நடுவுல ஒரு தலை

அதே 1940-கள்ல காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. உயிரைக் காப்பாத்தின மருந்து, நம்ம ஊர்லயும் பல வருஷம் போட்ட ஊசி. ஆனா சில பேருக்கு அது ரெண்டு உள்காதையும் அழிச்சிடுச்சு.

அப்படிப் பாதிக்கப்பட்ட ஒருத்தரே ஒரு டாக்டர். 1952-ல அமெரிக்காவோட ஒரு முக்கியமான மருத்துவ இதழ்ல தன் அனுபவத்தை எழுதினார். படுக்கையில படுத்து ஒரு புத்தகம் படிக்கணும்னா, கட்டிலோட தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவுல தலையை வெச்சு முட்டுக்கொடுக்கணுமாம். இல்லைன்னா இதயம் துடிக்கும்போதெல்லாம் தலை லேசா அசையும், அந்த அசைவுக்கே எழுத்து குதிக்கும். தெருவுல நடந்தா எதிர்ல வர்றவங்க முகம் அடையாளம் தெரியாது, நின்னாதான் தெரியும்.

ஆரம்பத்துல ஃபோனை ஆட்டிப் படிச்சீங்களே, அந்தக் கலங்கல்தான் அவருக்கு நாள் முழுக்க. ஆனா அவர் படுத்துக் கிடக்கலை. கண்ணையும் காலோட உணர்வையும் துணையா வெச்சுக்கிட்டு, நடக்கறதையும் வேலை பார்க்கறதையும் கொஞ்சம் கொஞ்சமா மீட்டார். காது முழுசாப் போனாலும் மூளை வேற வழி தேடும்ங்கறதுக்கு அந்தக் கட்டுரை ஒரு சாட்சி.

மூளை எப்படிக் கத்துக்குது?

நாம சும்மா இருக்கும்போதும் ரெண்டு உள்காதும் மூளைக்கு ஒரே அளவுல சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கும். வலப்பக்கம் திரும்பினா வலது காதோட சிக்னல் கூடும், இடது குறையும். அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் மூளை கணக்குப் போடுது. இப்போ இடது காது திடீர்னு நின்னுடுச்சுன்னு வைங்க. நீங்க அசையாமப் படுத்திருந்தாலும் வலது காது மட்டும் பேசுது. மூளைக்கு அது "வலப்பக்கம் சுத்திக்கிட்டே இருக்கோம்"னுதான் கேட்கும்.

முதல் சில நாள்ல மூளை அந்த ஏற்றத்தாழ்வை ஓரளவு தானாவே சமன் பண்ணிடும். ஆனா தலையைத் திருப்பும்போது வர்ற கலங்கலைச் சரிபண்ணணும்னா, அந்தக் கலங்கல் நடக்கணும். எழுத்து வழுக்கும்போதுதான் "கண்ணைப் போதுமான அளவுக்குத் திருப்பலை"ன்னு சிறுமூளைக்குத் தகவல் போகும். அடுத்த தடவை கொஞ்சம் கூடுதலாத் திருப்பும். அசையாமலே இருந்தா அந்தத் தகவலே போகாது, அது எதையும் கத்துக்காது.

இது வெறும் ஊகம் இல்லை. 1970-கள்ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ்னு ரெண்டு பேர், சில ஆட்களுக்கு இடத்தை வலமா மாத்திக் காட்டற கண்ணாடியை வாரக்கணக்குல போட்டுவிட்டாங்க. ஆரம்பத்துல அவங்களுக்குத் தலை சுத்துச்சு, குமட்டுச்சு. நாளாக ஆக, காதுக்கும் கண்ணுக்கும் நடுவுல இருக்கற அந்தத் தானியங்கி வேலையே மாற ஆரம்பிச்சது. இருட்டுல வெச்சு சோதிச்சாலும் அந்த மாற்றம் தெரிஞ்சது. பிறந்ததுல இருந்து ஓடற ஒரு ரிஃப்ளெக்ஸையே பயிற்சியால மாத்த முடியும்! அதே சமயத்துல பூனை, குரங்கு வெச்சு நடந்த ஆய்வுகள்ல, உள்காது அழிஞ்ச பிறகு நடமாட விடாம வெச்ச விலங்குகளும் இருட்டுல வெச்ச விலங்குகளும் மெதுவாத்தான் தேறின. காத்தோர்ன் 30 வருஷத்துக்கு முன்னாடி கண்ணால பார்த்ததுக்கு ஆதாரம் கிடைச்சிடுச்சு.

கல் இடம் மாறின கதை

இதுவரைக்கும் பார்த்தது காது கெட்டுப்போய், மூளை பழகிக்கற கதை. இன்னொரு வகை இருக்கு. படுக்கையில புரண்டு படுத்தா, மேல் ஷெல்ஃப்ல பார்த்தா, குனிஞ்சு நிமிர்ந்தா, கிர்ர்னு அரை நிமிஷம் சுத்தும், அப்புறம் நின்னுடும். இதுக்குப் பேரு பி.பி.பி.வி. உள்காதுக் கோளாறால வர்ற தலைசுத்தல்கள்ல ரொம்பப் பரவலானது இதுதான்.

பாரானி 1921-லயே இப்படி ஒரு இளம்பெண்ணைப் பத்தி எழுதியிருக்கார். 1952-ல லண்டன் குவீன் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹால்பைக்னு ரெண்டு டாக்டர்கள் இதைத் தெளிவா வரையறுத்தாங்க. டிக்ஸ் ஒரு அறுவை மருத்துவரா வர வேண்டியவங்க. போர்க்கால விமானத் தாக்குதல்ல முகத்துலயும் கண்ணுலயும் அடிபட்டதால அந்த வழி அடைஞ்சு, காது பக்கம் வந்தவங்க. நோயாளியை உட்கார வெச்சு, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டுனு பின்னால படுக்க வைப்பாங்க. தலை கட்டில் விளிம்புக்குக் கீழே லேசாத் தொங்கும். சில நொடியில கண் சுழன்று துடிச்சா, நோய் இதுதான். ஸ்கேன் வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம், ஒரு கட்டில் போதும். இன்னைக்கும் டாக்டர்கள் பண்றது இதே டிக்ஸ்–ஹால்பைக் சோதனைதான்.

காரணம் என்ன? 1960-கள்ல அமெரிக்காவுல ஹெரால்ட் ஷூக்னெக்ட், இறந்தவங்களோட உள்காதை மைக்ராஸ்கோப்ல பார்த்து, ஒரு அரைவட்டக் குழல்ல துகள்கள் ஒட்டியிருக்கறதைக் கண்டுபிடிச்சார். நம்ம உள்காதுல இயல்பாவே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உண்டு. கொத்தனாரோட ரசமட்டம் மாதிரி, எது மேல் எது கீழ்னு சொல்றதுக்கு உதவற அமைப்பு அது. அந்தத் துகள்கள் கழண்டு, போகக்கூடாத குழலுக்குள்ள போனா, தலை சாயும்போதெல்லாம் உருண்டு பொய் சிக்னல் கொடுக்கும்.

1980-ல தாமஸ் ப்ராண்ட், ராபர்ட் டாரஃப்னு ரெண்டு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினாங்க. தலைப்புலயே "உடற்பயிற்சி சிகிச்சை"ன்னு இருந்தது. கட்டில்ல உட்கார்ந்து சட்டுனு ஒரு பக்கமா சாயணும், சுத்தல் நிக்கற வரைக்கும் இருக்கணும், எழுந்து உட்காரணும், மறுபக்கம் சாயணும். விழிச்சிருக்கற நேரம் முழுக்க 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 67 பேருக்கு இதைக் கொடுத்ததுல 66 பேருக்கு 3 முதல் 14 நாளுக்குள்ள முழுசா குணமாச்சு.

பிரான்ஸ்ல அலன் செமோன்னு ஒரு ஃபிசியோதெரபிஸ்ட், நோயாளியை ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கத்துக்கு ஒரே வீச்சுல சாய்க்கற முறையை உருவாக்கி, 1988-ல வெளியிட்டார்.

கேலி பண்ணாங்க

இப்போ அமெரிக்காவோட ஒரேகான் மாநிலம், போர்ட்லேண்ட். ஜான் எப்லின்னு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர். அவர் யோசிச்சது இதுதான்: கல் ஒரு குழாய்க்குள்ள மாட்டியிருக்குன்னா, குழாயைச் சரியான வரிசையில திருப்பினா கல் தானா வெளியே உருண்டு வந்துடணுமே? பிளாஸ்டிக் குழாயையும் சின்ன உருண்டைகளையும் வெச்சு மாடல் பண்ணிப் பார்த்தார். அதுல இருந்து நாலைந்து நிலைகள் கொண்ட ஒரு வரிசை கிடைச்சது. தலையை ஒரு பக்கம் திருப்பிப் படு, மறுபக்கம் திருப்பு, உடம்போட சேர்த்து இன்னும் புரளு, எழுந்து உட்கார். சில நிமிஷத்துல முடிஞ்சிடும்.

1980-ல மாநாட்டுல இதைச் சொன்னப்போ கேட்டவங்க நம்பலை. சிலர் எழுந்தே போயிட்டாங்க. இதழ்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பின. தலையைத் திருப்பறது ஒரு வைத்தியமான்னு கேலி. அந்தக் காலத்துல குணமாகாத நோயாளிகளுக்கு இருந்த கடைசி வழி, அந்தக் குழலுக்குப் போற நரம்பை வெட்டற ஆபரேஷன். காது கேட்காமப் போற ஆபத்து அதுல உண்டு. கத்தி வெச்சா அது மருத்துவம், தலையைப் பிடிச்சுத் திருப்பினா மந்திரவாதம்!

கடைசியா 1992-ல எப்லியோட கட்டுரை அச்சாச்சு. அதே வருஷம் கனடாவுல பார்ன்ஸ், மெக்லூர்னு ரெண்டு பேர், ஆபரேஷன் பண்ணும்போது குழல் திரவத்துல துகள்கள் மிதக்கறதைக் கண்ணாலயே பார்த்து எழுதினாங்க. அப்பவும் எப்லிக்கு நிம்மதி இல்லை. 1990-கள்ல மாநில மருத்துவ வாரியத்துக்கு அவர் சிகிச்சை மேல புகார் போச்சு, வருஷக்கணக்குல விசாரணை நடந்தது. அது அவருக்குச் சாதகமா முடிஞ்சது. 2008-ல அமெரிக்காவோட காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பும் நரம்பியல் மருத்துவர் அமைப்பும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள்ல இந்த வகை சிகிச்சை இடம் பிடிச்சது. எப்லி 2019-ல இறந்தார்.

இங்க ஒரு கேள்வி வரும். இவ்வளவு எளிமையான ஒண்ணை ஏன் இவ்வளவு காலம் எதிர்த்தாங்க? மாத்திரை இல்லை, கருவி இல்லை, கத்தி இல்லை. கையால பண்ற வைத்தியத்துக்கு டாக்டர்கள் நடுவுல மரியாதை கம்மி. அதோட, தலைசுத்தலோட வர்றவருக்கு வேணும்னே தலைசுத்தலை வரவைக்கணும். அதுக்கு நோயாளிக்கும் தைரியம் வேணும், டாக்டருக்கும் வேணும்.

இன்னைக்கு எங்க நிக்கறோம்?

1994-ல சூசன் ஹெர்ட்மன்ங்கற அமெரிக்க ஃபிசியோதெரபிஸ்ட் இந்தத் துறைக்குன்னே ஒரு பாடநூல் கொண்டு வந்தாங்க. "வெஸ்டிபுலர் ரீஹாபிலிடேஷன்"ங்கற பேர் அப்படிப் பரவிச்சு. 2004-ல இங்கிலாந்துல லூசி யார்ட்லி குழு 170 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. நீண்ட நாளா தலைசுத்தல் இருக்கறவங்க. பாதிப் பேருக்கு நர்ஸ் அரை மணி நேரம் போலப் பயிற்சி சொல்லிக் கொடுத்து, ஒரு கையேடும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினாங்க. மத்தவங்களுக்கு வழக்கமான சிகிச்சை. பயிற்சி பண்ணவங்கள்ல 67 சதவீதம் பேர் முன்னேறினாங்க, மத்தவங்கள்ல 38 சதவீதம். பெரிய ஆஸ்பத்திரி தேவைப்படலை.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். பாட்டிக்கோ அப்பாவுக்கோ தலை சுத்துதுன்னா நாம உடனே சொல்ற காரணங்கள் என்ன? பித்தம், பிரஷர், ரத்தம் கம்மி, கழுத்து எலும்பு தேய்மானம். எலுமிச்சை ஜூஸ் கொடுப்போம், மெடிக்கல்ல ஒரு அட்டை மாத்திரை வாங்குவோம். கடுமையான முதல் ஒண்ணு ரெண்டு நாளைக்கு குமட்டலை அடக்க மாத்திரை உதவும், அதுல தப்பில்லை. ஆனா தலைசுத்தலை அடக்கற பல மாத்திரைகள் மூளை கத்துக்கறதையும் மந்தமாக்கும். மாசக்கணக்குல சாப்பிட்டா தூக்கக் கலக்கமும் சேரும். வயசானவங்களுக்கு அது கீழே விழற ஆபத்து. பி.பி.பி.வி-க்கு இந்த மாத்திரைகளை வழக்கமாக் கொடுக்காதீங்கன்னு அதே அமெரிக்க வழிகாட்டுதல் சொல்லுது. கல் இடம் மாறியிருந்தா மாத்திரை அதைத் திருப்பிக் கொண்டு போய் வைக்காது.

இன்னொரு விஷயம், பயம். ஒரு தடவை பாத்ரூம்ல விழுந்த ஒருத்தர் தலையைத் திருப்பவே பயப்படுவார். கழுத்தை விறைப்பா வெச்சுக்கிட்டு, உடம்போட சேர்த்துத் திரும்புவார். கோயில் கூட்டம், கல்யாண வீடு எல்லாத்தையும் தவிர்ப்பார். வீட்ல இருக்கறவங்களும் பாசத்துல "நீங்க எழுந்துக்காதீங்க, நாங்க பார்த்துக்கறோம்"னு சொல்லிடுவோம். காத்தோர்னும் குக்ஸியும் 1940-கள்ல எதிர்த்துப் போராடினது இதைத்தான்.

அதுக்காக யூடியூப் பார்த்துட்டு உடனே பாட்டி தலையைத் திருப்ப வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழல், கழுத்துல பிரச்சனை இருக்கா, இதெல்லாம் பார்த்த பிறகுதான் அந்த நிலைகள். முதல் தடவை காது மூக்கு தொண்டை டாக்டரோ, நரம்பியல் டாக்டரோ, இதுல பயிற்சி எடுத்த ஃபிசியோதெரபிஸ்ட்டோ பண்ணட்டும். எல்லாத் தலைசுத்தலும் காதுல இருந்து வர்றதும் இல்லை. திடீர்னு தலை சுத்தும்போது பேச்சு குழறினா, பார்வை ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா, முகம் கோணினா, கை கால் இழுத்தா, நிக்கவே முடியலைன்னா, இதுவரைக்கும் வராத மாதிரி தலைவலி வந்தா, அது பக்கவாதமா இருக்கலாம். எதையும் முயற்சி பண்ணாம ஆம்புலன்ஸுக்குக் கூப்பிடுங்க.

மத்தபடி, வாரக்கணக்கா படுத்து எழுந்தா தலை சுத்துதுன்னு உங்க வீட்ல யாராவது சொல்லிக்கிட்டு இருந்தா, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது கூடப் போங்க. ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க. "படுக்க வெச்சு சோதிச்சுப் பார்த்தீங்களா டாக்டர்? இதுக்குப் பயிற்சி ஏதாவது இருக்கா?" ஒரு கட்டில், ஒரு பந்து, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான் செலவு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.